புகையாகப் போவது நம்ம கூலி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், கரித்தொழில் செய்யும் குழுக்களின் சார்பில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் அச்சிடப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "தொழில் வளர்ச்சியில் மகளிர்". தலைப்பு ரொம்பப் பெரிசு. எனக்குத் தெரிஞ்சது கரி. கமுதி பக்கத்துல பத்தொன்பது வருஷமா மூட்டம் போடுறேன். அதனால கரியைப் பத்தியே பேசிடுறேன். சாயங்காலம் தீர்மானத்துக்கு வரப்போற மெஷின் விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. அதுக்குக் கடைசியில வர்றேன்.

சோத்துப் பானையை அடுப்புல மறந்துட்டோம்னா அடிச்சோறு என்ன ஆகுது? கரியாகுது. அதே சோத்தை அள்ளி நெருப்புக்குள்ள போட்டா? சாம்பலாகுது. ரெண்டுக்கும் சூடுதான் காரணம். பிறகு ஏன் ஒண்ணு கரி, ஒண்ணு சாம்பல்? பானை அடியில காத்து இல்லை. அவ்வளவுதான் விஷயம். காத்தோடு சேர்ந்து சூடானா எரியும், சாம்பல் மிஞ்சும். காத்து இல்லாம சூடானா எரியாது, பிரியும். தண்ணி தனியா, புகை தனியா, கரி தனியா பிரிஞ்சு போகும். இதுக்கு இங்கிலீஷ்ல பைராலிசிஸ்னு பேரு. பைரோன்னா கிரேக்க மொழியில தீ, லைசிஸ்னா பிரிக்கிறது. நம்ம புத்தகங்கள்ல வெப்பச் சிதைவுன்னு எழுதுறாங்க. பேர் எதுவானாலும் நாம செய்யறது அதுதான். நமக்கு அந்தப் பேரைச் சொல்லித் தந்தவங்க இல்லை, தொழில் மட்டும் கைக்கு வந்திருச்சு.

வைத்தியம் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைகள் இங்க இருந்தா குழித்தைலம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அடியில ஓட்டை போட்ட பானையில சிரட்டையை நிரப்பி, மேலே மூடி, சீலைமண் செஞ்சு, குழிக்குள்ள இன்னொரு பாத்திரத்து மேல உட்கார வைப்பாங்க. மேலே எருவாட்டி அடுக்கித் தீ வைப்பாங்க. பானைக்குள்ள தீ போகாது, சூடு மட்டும் போகும். சொட்டுச் சொட்டா கறுப்பா எண்ணெய் கீழே இறங்கும். படர்தாமரைக்குப் போடுற சிரட்டைத் தைலம் அதுதான். சித்த வைத்தியர்கள் செஞ்சதும், இன்னைக்குப் பெரிய ஆலைகள்ல இரும்புக் கொப்பரை வச்சுச் செய்யறதும் ஒரே வேலைதான்.

வயசான அக்காமாருக்கு லெக்கோ கரி ஞாபகம் இருக்கும். நெய்வேலியில தோண்டுற பழுப்பு நிலக்கரியைப் பொடியாக்கி, அச்சுல அழுத்தி, காத்துப் படாம சூடாக்கி, புகையைப் பிரிச்சு எடுத்துட்டு வித்தது அது. கும்முட்டி அடுப்புல போட்டா விறகு மாதிரி புகையாது. புகையை ஆலையிலேயே எடுத்துட்டாங்களே, வீட்டுக்குள்ள எப்படி வரும்? இரும்பு உருக்குற ஆலைக்குப் போற கோக் கரியும் இதே வழியில நிலக்கரியில இருந்து வர்றதுதான்.

இப்ப நம்ம மூட்டத்துக்கு வருவோம்.

சீமைக்கருவேல் நம்ம ஊர் மரம் இல்லை. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் இருந்து விறகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவந்தது. கண்மாய், ஊருணி, தரிசு, பட்டா நிலம்னு எல்லாத்தையும் பிடிச்சுக்கிச்சு. உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை அதை அகற்றணும்னு உத்தரவு போட்டது எல்லாருக்கும் தெரியும். மரம் நல்லதா கெட்டதான்னு மேடைபோட்டு வாதாடலாம். ஆனா மழை பொய்ச்ச வருஷங்கள்ல முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் எத்தனை வீட்டுல உலை கொதிச்சது இந்த முள்ளுக் காட்டாலதான்னு இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும்.

மூட்டத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் கண்ணால பார்த்ததில்லை. புகையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறோம். முதல்ல வெள்ளைப் புகை, கெட்டியா, ஈரமா வரும். அது புகையே இல்லை, பெரும்பாலும் ஆவி. விறகுல இருக்கிற தண்ணி போகுது. 100 டிகிரி சூடு தாண்டுற வரைக்கும் வேற எதுவும் நடக்காது. அடுத்து 200 டிகிரிக்கு மேல போகும்போது மஞ்சளா, பழுப்பா, கண்ணைக் கரிக்கிற புகை வரும். அதுல புளிப்புத் தண்ணி இருக்கு, தார் இருக்கு, எரியக்கூடிய வாயு இருக்கு. 270 டிகிரி பக்கம் வந்ததும் மரம் தானே சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்துலதான் மூட்டம் "கிளம்பிடும்". மண் வெடிக்கிறது, மேல்பக்கம் உள்வாங்குறது எல்லாம் அப்பத்தான். கடைசியில புகை மெலிஞ்சு நீலமாகும். உள்ளே 400, 500 டிகிரி வந்திருக்கும். அப்ப எல்லா வாயையும் அடைச்சிடணும். அதுக்கு மேல விட்டா கரி எரிஞ்சு சாம்பலாகும். முன்னாடியே அடைச்சா பாதி வெந்த கட்டை பழுப்பு நிறத்துல கிடக்கும். வெந்த கரியைத் தட்டினா கலகலன்னு சத்தம் வரும், உடைச்ச இடம் மினுங்கும்.

என் மாமியார் இந்த மூணு புகையையும் மோப்பத்துலயே சொல்லிடுவாங்க. டிகிரி கணக்கெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வியாபாரிகிட்ட இன்னும் கொஞ்சம் சத்தமா பேசியிருப்பாங்கன்னு நினைப்பேன்.

இப்ப கணக்கு. நல்லா காஞ்ச விறகு 1000 கிலோ எடுத்துக்குவோம். காத்து சரியா அடைக்காத மண் மூட்டத்துல 100, 150 கிலோ கரி கிடைக்கும். கண்ணும் கருத்துமா காவல் இருந்தா 200 கிலோ வரும். புகைபோக்கி வச்ச சூளையில 250 கிலோவும் அதுக்கு மேலயும் எடுக்கலாம். வெளியே வர்ற வாயுவையே திருப்பி எரிச்சு சூடேத்துற மூடின கொப்பரையில 300 கிலோ தாண்டும். அதே விறகு, அதே முள்ளுக் குத்து, அதே வெட்டுக்கூலி. பாதிக்குப் பாதி கரி வித்தியாசம். அந்த வித்தியாசம் எங்க போகுது? மூட்டத்துக்குள்ள சூடு உண்டாக்கவே கொஞ்சம் விறகு எரிஞ்சாகணும். காத்து அதிகமா நுழைஞ்சா தேவைக்கு மேல எரியும். விறகு ஈரமா இருந்தா அதைவிட மோசம். இப்ப வெட்டின பச்சை விறகுல எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி. அந்தத் தண்ணியை விரட்ட நல்ல விறகுதான் உள்ளே எரியணும். வெள்ளைப் புகை ரெண்டு நாள் கூடுதலா வருதுன்னா, நம்ம கூலி வெள்ளையா வானத்துக்குப் போகுதுன்னு அர்த்தம்.

அப்ப ஏன் காயவிடாம அடுக்குறோம்? இதை நல்லா கவனிங்க. நமக்குத் தெரியாமலா? தெரியும். நிலத்துக்காரருக்கு மழைக்கு முன்னாடி நிலம் சுத்தமாகணும். அதைவிட முக்கியமா, வியாபாரி கொடுத்த முன்பணம் நம்ம தலைமேல நிக்குது. கண்மாய் ஏலத்துக்கு அவர் காசு, வெட்டுக்கூலிக்கு அவர் காசு. "கரி எப்ப வரும்"னு போன் மேல போன். ஒரு மாசம் விறகைக் காயப்போட நமக்குக் கையில காசு இல்லை. அதனால ஈரத்தோட அடுக்குறோம், குறைஞ்ச கரி எடுக்குறோம், அந்தக் குறைஞ்ச கரியையும் அவர் சொன்ன விலைக்கே போடுறோம். தூள் கழிவுன்னு மூட்டைக்கு இத்தனை கிலோ பிடிச்சுக்கிறார். அந்தத் தூளை அவர் கீழே கொட்டறதில்லை, ஊதுபத்திக்காரங்களுக்கு விக்கிறார். கிழங்கு மாவுக் கஞ்சி கலந்து அச்சுல அழுத்தினா அது நாமே விக்கக்கூடிய கரிக்கட்டி.

எங்க குழுவுல போன கோடையில ஒண்ணு செஞ்சு பார்த்தோம். ஆப்பிரிக்காவுல செனகல்னு ஒரு நாடு. அங்க காசமான்ஸ்னு ஒரு பகுதியில மண் மூட்டத்துக்கே புகைபோக்கி வைக்கிற பழக்கம் வந்திருக்கு. பழைய எண்ணெய் டிரம் மூணை ஒண்ணு மேல ஒண்ணு பத்தவச்சு மூட்டத்தோட பக்கத்துல நிறுத்துறாங்க. நம்ம மூட்டத்துல சூடான புகை மேலே ஏறி மண்ணை ஒடச்சுக்கிட்டு நேரா வெளியே போயிடும். பக்கத்துல புகைபோக்கி நின்னா அது புகையைக் கீழே இழுக்கும். சூட்டுப் புகை விறகுக்குள்ளேயே சுத்திவிட்டு, தன் சூட்டைக் கொடுத்துட்டு, அப்புறம்தான் வெளியே போகும். அதனால எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும், நாளும் குறையும். புதுசா கண்டுபிடிச்ச மெஷின் எதுவும் இல்லை, மூணு டிரம்மும் வெல்டிங் கூலியும்தான்.

ஒரே காட்டு விறகை எடைமேடையில போட்டு அஞ்சு டன், அஞ்சு டன்னா பிரிச்சோம். ஒரு பங்கை வழக்கம் போல ஈரத்தோட மூட்டம் போட்டோம். இன்னொரு பங்கை அஞ்சு வாரம் காயவிட்டு, புகைபோக்கி வச்சுப் போட்டோம். மூட்டைக்கு 30 கிலோ கணக்குல ரெண்டாவது மூட்டத்துல ஆறு மூட்டைக்கு மேல கூடுதல். அரைவேக்காட்டுக் கட்டையும் கம்மி. அந்த அஞ்சு வாரம் எப்படிச் சமாளிச்சோம்னா, எங்க குழு சேமிப்புல இருந்து ஆளுக்குக் கொஞ்சம் உள்கடன் எடுத்தோம். எல்லாக் குழுவுக்கும் அந்தச் சேமிப்பு இருக்காது. அது எனக்குத் தெரியும்.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துல இருந்து வந்திருக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. உங்ககிட்ட கருவேல் இல்லாட்டியும் சிரட்டை இருக்கு. சிரட்டைக் கரிக்கு மதிப்பு அதிகம், ஏன்னா அதை வாங்குறவங்க அடுப்புல போட வாங்குறதில்லை. அந்தக் கரியை 800, 900 டிகிரி சூட்டுல நீராவி விட்டு மறுபடி வாட்டினா அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள் உண்டாகும். அந்த ஓட்டைகளோட சுவர் எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா ஒரு கிராம் கரியில ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்குல 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள்ள ஒரு வீட்டு மனையும் தோட்டமும்! அதுலதான் தண்ணியில இருக்கிற நாத்தமும் நஞ்சும் ஒட்டிக்குது. வீட்டுல மாட்டுற தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்குள்ள இருக்கிறது அந்தக் கரிதான். முதல் உலகப்போர்ல விஷவாயுவில இருந்து சிப்பாய்களைக் காப்பாத்த முகமூடிக்குள்ள வச்சதும் சிரட்டைக் கரி. சிரட்டை பத்தாம, அமெரிக்காவுல பீச் பழக்கொட்டையை வீடுவீடா சேகரிச்சுக் கரியாக்கினாங்க.

சிரட்டைக்கு 200 லிட்டர் டிரம் போதும். கீழே, நடுவுல, மேலேன்னு மூணு வரிசையா ஓட்டை போட்டு, கீழ்ப்பக்கம் கங்கு பிடிச்சதும் கீழ் ஓட்டையை அடைச்சு, நடு ஓட்டையைத் திறந்து, பிறகு அதையும் அடைச்சுன்னு தீயை மேலே ஏத்திக்கிட்டே போகணும். சிரட்டை இறங்க இறங்க மேலே போட்டுக்கிட்டே இருக்கணும். அரை நாள் வேலை. டிரம் வாங்கும்போது முன்னாடி என்ன இருந்த டிரம்னு கேளுங்க. பூச்சிமருந்து, ஆசிட் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, சீக்கிரம் ஆறணும்னு தண்ணி ஊத்தி அணைக்காதீங்க. கறுப்புத் தண்ணி நிலத்துல இறங்கும். திருப்பூர் மாவட்டத்துல சிரட்டைக்கரி சூளைகளால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு விவசாயிகள் போராடியிருக்காங்க. மூடி போட்டு மண் பூசி, மறுநாள் வரைக்கும் தானா ஆறவிடுங்க.

ஆபத்தைப் பத்தியும் சொல்லியாகணும். இந்த மலரைப் படிக்கிறவங்க மத்ததை மறந்தாலும் இந்தப் பத்தியை வீட்டுல வாசிச்சுக் காட்டுங்க. உள்ளே வெந்து குழிஞ்சிருக்கிற மூட்டத்து மேல ஏறி மிதிக்காதீங்க. மேல்மண் பாக்கத் திடமா இருக்கும், உள்ளே கங்குக் குழி. எங்க ஊர் மதினி ஒருத்தங்க முழங்கால் வரைக்கும் உள்ளே போயி ஏழு மாசம் படுத்துட்டாங்க. மண் சரிஞ்ச இடத்தை நீளக் கம்பால தொட்டுப் பார்த்து, ஓரத்துல நின்னே மண் போடுங்க. அடுத்து, கரியை எடுத்த அன்னிக்கே மூட்டை கட்டி வீட்டுக்குள்ள அடுக்காதீங்க. கரி காத்தைப் பிடிச்சு உள்ளுக்குள்ள சூடேறி, ராத்திரியில தானே பத்திக்கும். ஒரு நாள் முழுக்க வெளியில கிடக்கட்டும். மூணாவது, கண்ணுக்குத் தெரியாத விஷம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வருது. நிறம் இல்லை, வாசனை இல்லை. கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள்ள கரி அடுப்பை வச்சுக் கதவைச் சாத்தித் தூங்கினவங்க காலையில எழுந்திரிக்கவே இல்லைன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. மூட்டத்துப் புகையிலயும் அதே வாயு இருக்கு. காவல் குடிசையைக் காத்து வர்ற பக்கமா போடுங்க, புகை போற பக்கம் வேண்டாம். கைப்பிள்ளையைக் கூட வச்சுக்கிட்டுக் காவல் இருக்கிறதை நிறுத்தணும்.

இனி மெஷின் விஷயம்.

ஒருத்தர் வந்து ரெண்டு கூட்டத்துல பேசினார். பேர் வேண்டாம். பழைய டயரும் பிளாஸ்டிக்கும் போட்டா டீசல் மாதிரி எண்ணெய் கொட்டும், கடன் ஒன்றரை வருஷத்துல அடைஞ்சிடும்னு கலர் பேப்பர் கொடுத்துட்டுப் போனார். அவர் சொன்னதுல எண்ணெய் வரும்ங்கிறது உண்மை. அதுவும் வெப்பச் சிதைவுதான், நம்ம மூட்டத்தோட பெரிய அண்ணன். 100 கிலோ டயர் போட்டா சுமார் 40 கிலோ எண்ணெய், 30, 35 கிலோ கறுப்புப் பொடி, கொஞ்சம் இரும்புக் கம்பி, மீதி வாயு. ஆனா அந்த எண்ணெய் டீசல் இல்லை. கந்தகம் கலந்து நாத்தம் அடிக்கிற சூளை எண்ணெய். அப்படியே வண்டிக்கு ஊத்த முடியாது. மறுபடி சுத்தம் பண்ணணும், அந்த மெஷின் பேப்பர்ல இல்லை. பிளாஸ்டிக்லயும் எல்லாம் ஒண்ணு இல்லை. பைப்பு, ஒயர் மேல இருக்கிற பி.வி.சி. உள்ளே போயிட்டா ஆசிட் வாயு வரும், நுரையீரலையும் அரிக்கும், கொப்பரையையும் அரிக்கும். உள்ளே இருக்கிறது எரியுற வாயு. மூட்டத்துல ஓட்டை விழுந்தா கரி குறையும். அந்தக் கொப்பரையில சூட்டோட காத்து நுழைஞ்சா வெடிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அனுமதி வேணும், பயிற்சி எடுத்த ஆள் இருபத்துநாலு மணி நேரமும் நிக்கணும். டயர் எங்கிருந்து வரும்? மதுரையில இருந்து லாரியில. எண்ணெயை யார் வாங்குவா? அதுக்கும் அவர்தான் ஆள் சொல்றார். அப்ப வாங்குற விலையும் விக்கிற விலையும் அவர் கையில. கடன் மட்டும் நம்ம பேர்ல. கரி வியாபாரியோட முன்பணத்துல இருந்து இது எப்படி வேறன்னு எனக்குப் புரியலை.

பொறியாளர், தீயணைப்பு வசதி, ஊருக்கு வெளியே இடம் இதெல்லாம் இருக்கிற பெரிய நிறுவனம் செஞ்சா செய்யட்டும். நம்ம கூட்டமைப்பு செய்ய வேண்டாம்னு கரித்தொழில் குழுக்கள் பதினொண்ணும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கோம்.

அதுக்குப் பதிலா நாங்க கேக்கிறது மூணு. ஒண்ணு, விறகு காயுற காலத்துக்குக் குழுவுக்கு ரெண்டு மாசத் தவணையில ஒரு சின்னக் கடன். சுழல் நிதியில இருந்தே கொடுக்கலாம், கரி வித்ததும் திரும்பிடும். ரெண்டு, ஊராட்சிக்கு ரெண்டு புகைபோக்கி, குழுக்கள் முறைவச்சு எடுத்துக்கிறோம். மூணு, கூட்டமைப்பு பேர்ல ஒரு தராசும் ஒரு சல்லடையும். எடையும் தூளும் நம்ம கண்ணு முன்னாடி நடக்கட்டும், தூள் நம்மகிட்டயே இருக்கட்டும். வட்டி எவ்வளவு, யார் கையெழுத்துங்கிறதை பொருளாளர் அக்கா சொன்னபடி செஞ்சுக்கிறோம்.

மனு நகல் வாசல் மேசையில இருக்கு. தீர்மானத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை படிச்சிடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு எங்க குழுப் பொண்ணுங்க வாசிச்சுக் காட்டுவாங்க. வர்ற வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல புகைபோக்கி வச்ச மூட்டம் பிரிக்கிறோம். சந்தேகம் இருக்கிறவங்க காலையில ஏழு மணிக்குள்ள வந்துட்டா எடை போடும்போது கூட நிக்கலாம். பழைய சேலையும் செருப்பும் போட்டுட்டு வாங்க.